தூணைச் சுற்றி மூன்று பேர்

1

என் மகள் இனியாவுக்குப் பதினான்கு வயது. என் தம்பி வேலு நாற்பதை நெருங்குகிறான். அவள் இங்கே இருக்கிறாள், அவன் திருவண்ணாமலையில் இருக்கிறான். இணையத்தில் ஆடும் ஒரு சண்டை விளையாட்டில் இருவரும் ஒரே அணி. மூன்றாவது ஆள் இனியாவின் வகுப்புத் தோழி லேனா. கடந்த மாதம் இந்த அணி தொடர்ந்து தோற்றது. காரணம் வேலுதான் என்றாள் லேனா. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், அதற்குள் சரியாகாவிட்டால் அவரை எடுத்துவிட்டுத் தன் மாமா மகனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் நிறைந்த நாள் அது. என் மனைவி செல்வி கேசரி செய்திருந்தாள். லேனா ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொன்னாள். மரியாதையான பெண். என் தம்பியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்காக இரண்டு முறை என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் உலகம் பெரியது. காடு, கோட்டை, சந்தை, கப்பல் எல்லாம் உண்டு. அதில் ஒரு மூலைதான் அரினா. வட்டமான சிறிய களம், எதிரெதிரே இரண்டு கம்பிக் கதவுகள். ஒரு கதவுக்குப் பின்னால் மூன்று பேர், மற்றதற்குப் பின்னால் மூன்று பேர். கதவு திறந்ததும் உள்ளே வர வேண்டும். ஓர் அணி முழுவதும் விழும்வரை யாரும் வெளியே போக முடியாது.

லேனாவுக்கு வாள். இனியாவுக்கு நெருப்பு மந்திரம். வேலு ஹீலர், அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவது அவன் வேலை. எதிரிகள் முதலில் தேடி வருவது ஹீலரைத்தான். அவனை வீழ்த்திவிட்டால் மற்ற இருவரும் நெடுநேரம் தாங்கமாட்டார்கள். களத்தின் நடுவில் ஒரு தடித்த கல்தூண் இருக்கிறது. பார்வையில் படாத ஆள்மீது மந்திரம் பாயாது என்பது விதி. எனவே ஹீலர் தூணைச் சுற்றி ஓடி ஓடித் தப்பிக்க வேண்டும். நல்ல ஹீலர் என்றால் நன்றாகத் தூண் சுற்றுகிறவன்.

வேலு நன்றாகச் சுற்றுவான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

நாட்டின் பெயரை நான் எழுதவில்லை. என் தாள்கள் இன்னும் குடியேற்ற அலுவலக மேசையில் இருக்கின்றன.

செல்வி முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளுக்கும் இனியாவுக்கும் நிரந்தரமாகத் தங்கும் அட்டை கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கு இந்நாட்டு மொழியில் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். நான் தேறவில்லை. ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்குப் பல வருடம் செய்தி எழுதியவன் நான். மழைக்கு ஒரு வாக்கியம், விபத்துக்கு ஒரு வாக்கியம் என்று மொழியை அளந்து விற்றுப் பிழைத்தவன். இங்கே தேர்வறையில் "உங்கள் அண்டை வீட்டாரின் நாய் குரைக்கிறது, அவருக்கு ஒரு கடிதம் எழுதுக" என்று கேட்டார்கள். எழுதினேன். கடிதத்தில் நாயை 'அவர்' என்று குறிப்பிட்டிருந்தேன் என்று பிறகு தெரிந்தது.

தேறாதவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கக் கொடுத்த நாளிலிருந்து புது அட்டை வரும்வரை ஒரு தாள் தருவார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. போன அட்டைக்கும் மாதக்கணக்கில் இப்படித்தான் காத்திருந்தேன். இப்போதும் காத்திருக்கிறேன்.

அலுவலகத்தில் எனக்கான அதிகாரி முகம் சுளிக்காமல் பேசுகிற பெண். போன முறை, "இன்னும் எவ்வளவு காலம் ஆகும்?" என்று கேட்டேன். கேள்வி முழுவதையும் டிராமில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் பதில் சொன்னார். அதை மனப்பாடம் செய்ய எனக்கு வழியில்லாததால் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியில் "பொறுமை" என்ற சொல் இருந்தது.

காலையில் பார்சல் பிரிக்கும் கூடத்தில் வேலை. மதியம் திரும்புவேன். மாலையில் இனியா பள்ளியிலிருந்து வந்து கணினி முன்னால் உட்காருவாள். நான் அவளுக்குப் பின்னால் இருக்கும் சோபாவில் உட்காருவேன். கடந்த சில வருடங்களாக என் மாலைகள் இப்படித்தான் போகின்றன.

3

வேலு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் வீட்டில் இருக்கிறான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று நாள் முழுக்க மற்றவர்களுக்கு விண்ணப்பம் ஏற்றுவது அவன் தொழில். இந்த விளையாட்டு இனியாவுக்குப் பழக்கமானதும் அந்தக் கடையில்தான். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது செல்வி அவளை ஊருக்கு அழைத்துப் போனாள். ஒருநாள் சர்வர் படுத்துவிட்டது. விண்ணப்பக்காரர்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்க, சித்தப்பாவும் மகளும் உள்ளே உட்கார்ந்து பூதம் அடித்திருக்கிறார்கள்.

இங்கே வந்து எங்களைப் பார்த்துப் போக வேலு இரண்டு முறை விசாவுக்குப் போட்டான். இரண்டு முறையும் இல்லை என்றார்கள். கல்யாணம் ஆகவில்லை, திரும்பிப் போவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லை என்பது பதில்.

"ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் நான்தாணா அப்ளிகேஷன் போடறேன். எல்லாம் பாஸ் ஆவுது. எனக்குப் போட்டா மட்டும் புட்டுக்குது" என்றான் வேலு.

"கல்யாணம் பண்ணிக்கோடா."

"விசாவுக்காகவா? பொண்ணு வூட்ல இன்னா சொல்றது? மாப்ள திரும்பி வர்றதுக்கு ஒரு காரணம் வேணுமாம், உங்க பொண்ணக் குடுங்கன்னா?"

ஆக அவன் வர முடியாது, நான் போக முடியாது. செல்விக்கு விடுமுறை கிடைக்கும்போது இனியாவுக்குப் பரீட்சை. எங்கள் குடும்பம் ஒரே இடத்தில் கூடுவது அந்த அரினாவில் மட்டும்தான். இங்கே மாலை நாலரை, அங்கே இரவு ஒன்பது. வேலு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவான். பௌர்ணமியன்று மட்டும் வரமாட்டான். அன்று பாதையில் கூட்டம். வீட்டு வாசலில் தண்ணீர்ப்பந்தல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலுவை அணியிலிருந்து எடுத்துவிட்டால் என்ன போகும் என்பதை விளக்க இவ்வளவும் சொல்ல வேண்டியிருந்தது. போனில் பேசலாமே என்று கேட்பீர்கள். போனில் இனியா அவனிடம் பேசுவது நான்கு சொற்கள். நல்லா இருக்கேன், சாப்ட்டேன், ஸ்கூல், சரி. அத்துடன் போனை என்னிடம் கொடுத்துவிடுவாள்.

4

அரினாவுக்குள் அவள் பேசுவது வேறு.

"சித்தப்பா ஓடு, ஓடு, பின்னாடி ரெண்டு பேர் வரான்."

"தோ ஓடறேன். நீ இன்னாத்துக்கு அங்க வேடிக்க பாத்துன்னுகிற? அட்றி அவன."

"அடிக்கறேன், சாவமாட்டேங்கறான்."

"சாவறமாதிரி அடி. பூப்போட்டு அர்ச்சன பண்ணாத."

சாதாரண நேரத்தில் சித்தப்பாவை 'நீங்க' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது செல்வியின் உத்தரவு. களத்தில் அது செல்லுபடியாகவில்லை. செல்வி ஒருமுறை பின்னாலிருந்து அதட்டியபோது வேலு ஸ்பீக்கரில் சொன்னான்: "உள்ள மரியாத பாத்தா ஆள் காலி அண்ணி. 'ங்க' போட்டு முடிக்கறதுக்குள்ள அவன் கத்திய எறக்கிடுவான்."

இன்னொரு உத்தரவையும் செல்வி போட்டாள். விளக்கேற்றும் நேரத்தில் "சித்தப்பா செத்துட்டாரு", "நானும் செத்துட்டேன்" என்று வீட்டில் பேச்சுக் கேட்கக் கூடாது. அதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து யாரும் சாவதில்லை, படுக்கிறார்கள். "படுத்துட்டேன் பாப்பா, நீ பாத்துக்கோ" என்று வேலு சொல்லும்போது யாராவது புதிதாகக் கேட்டால் அசதி என்றுதான் நினைப்பார்கள்.

லேனாவிடம் இருவரும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். அவளும் சில சொற்களைப் பழகிக்கொண்டாள். ஓடு, வுடு, தோ. தன் வீட்டு நாயிடம் "வுடு" என்று சொல்வதாகவும் அது பந்தை விட்டுவிடுவதாகவும் ஒருநாள் சொன்னாள்.

லேனாவின் குறையில் நியாயம் இருந்தது. இந்த ஊர் இளைஞர் மையம் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்துகிறது. விளையாட்டின் பருவம் முடிவதற்குள் குறிப்பிட்ட புள்ளிகளைத் தாண்டிய அணிகளுக்கு அதில் இடம். இவர்கள் அந்தக் கோட்டின் அருகே வந்து வந்து திரும்பினார்கள். பக்கத்து நகரத்து மூன்று பேர் கொண்ட ஓர் அணி இவர்களை ஒவ்வொரு முறையும் அடித்தது. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே வேலுவைத் தூண் அருகே மறித்து வீழ்த்திவிடுவார்கள். திருவண்ணாமலைக்கும் இங்கேயுள்ள சர்வருக்கும் தூரம் அதிகம்; வேலு விசையைத் தட்டினால் ஒரு கணம் கழித்துத்தான் அது களத்தில் நடக்கும். 'லேக்' என்று அவர்கள் சொல்லும் அந்த ஒரு கணத் தாமதத்தால்தான் தோற்கிறோம் என்பது லேனாவின் கணிப்பு. அவளுடைய மாமா மகன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். அவனுக்குத் தாமதமே கிடையாது.

அன்று இனியா தானாகவே கேசரிக் கிண்ணங்களைக் கழுவி வைத்தாள். வழக்கமாக அதைச் செய்யச் சொல்லிச் சண்டை நடக்கும்.

5

தோற்ற ஆட்டங்களைக் கணினி பதிவு செய்து வைத்திருந்தது. அடுத்த இரண்டு நாள் மாலையும் இனியா அவற்றையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். களத்தை மேலிருந்து பார்க்கும்படி மாற்றி வைத்திருந்தாள். ஆறு புள்ளிகளும் நடுவில் ஒரு வட்டத் தூணும் தெரிந்தன.

"அப்பா, இங்க பாரு. சித்தப்பா ஏன் எப்பவும் ஒரே பக்கமா சுத்தறாரு?"

"எப்படி?"

"கடிகாரம் மாதிரி. இந்த ஆட்டத்துல பாரு. இதுல. இதுல. ஒரு தடவகூட மத்தப் பக்கம் போகல. அவங்க அதக் கண்டுபிடிச்சிட்டாங்க. ஒருத்தன் தொரத்தறான், ஒருத்தன் அந்தப் பக்கமே போய் நிக்கறான். சித்தப்பா நேரா அவன் கைல போய் விழறாரு. இது லேக் இல்ல."

பார்த்தேன். அவள் சொன்னது சரி. எந்தப் பக்கமிருந்து ஓடி வந்தாலும், எதிரி எங்கே நின்றாலும், தூண் வேலுவின் வலக்கைப் பக்கமே இருந்தது.

அந்த ஆட்டங்கள் எல்லாவற்றையும் நான் சோபாவிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்ததை அப்படியே எழுதுவதுதான் என் தொழிலாக இருந்தது. ஆனால் இதில் என் கண்ணில் எதுவும் படவில்லை. ஒரு கல்லைச் சுற்றும் மனிதன் அதை வலமாகச் சுற்றுகிறான் என்பது செய்தியே அல்ல. எங்கள் வீட்டு வாசலில் நின்றால், பௌர்ணமி இரவில் போகிற அத்தனை பேரும் மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஒரே திசையில்தான் போவார்கள். கோயிலில் எந்தச் சன்னதியானாலும் அப்படித்தான். புதிதாக வாங்கிய வண்டியைச் சுற்றிக் கற்பூரம் காட்டும்போதும் அப்படித்தான். சிறு வயதில் வேலுவும் நானும் ஓடிப்பிடித்து விளையாடியபோது வேப்பமரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றியதாக எனக்கு நினைவில்லை.

"மத்தப் பக்கம் போனா என்ன?" என்றாள் இனியா.

"போகமாட்டாங்க."

"ரூலா?"

"ரூல் இல்ல. சாவுக்கு மட்டும்தான் அப்படிச் சுத்துவாங்க."

விளக்கத் தொடங்கியபோது எனக்கே ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. அப்பா இறந்தபோதும் என்னிடம் ஒரு தாள்தான் இருந்தது. அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது மூத்த மகன். அம்மாவுக்குத்தான் இளையவன். மூத்தவன் போக முடியாததால் வேலு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். உறவினர் ஒருவர் போனைத் தூக்கிப் பிடிக்க, நான் இந்தச் சோபாவிலிருந்துதான் பார்த்தேன். வேலு நடக்கத் தொடங்கினான், வலமாக. சுடுகாட்டில் காரியம் பார்க்கிறவர் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தித் திருப்பிவிட்டார். "இந்தப் பக்கம் இல்லப்பா. அந்தப் பக்கம் வா." வேலு திரும்பினான். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் குடத்தில் ஓர் ஓட்டை போட்டார். தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது.

இதை இனியாவிடம் சொன்னேன். அன்று அவள் பள்ளியில் இருந்தாள். கேட்டுவிட்டுத் திரையில் இருந்த ஆட்டத்தை நிறுத்தினாள்.

"நீ சொல்லு சித்தப்பாகிட்ட" என்றாள். "எனக்கு இத சொல்ற அளவுக்குத் தமிழ் வராது."

6

வேலுவுக்கு போன் செய்தேன். கடையில் கூட்டம் இருந்தது. யாரோ ஒருவரிடம் "ஓடிபி வந்துச்சாங்க? வந்தா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே பேசினான்.

லேனாவின் கெடுவைச் சொன்னேன். அது அவனுக்குத் தெரியாது.

"பாப்பா இன்னா சொல்லுச்சு?"

"நீ ஒரே பக்கமா சுத்தறியாம். அதான் மாட்டிக்கறியாம்."

"நானா? எந்தப் பக்கம்?"

"வலமாத்தான். எதிர்ப்பக்கம் ஒரு தடவகூடப் போவல. நானே பாத்தேன்."

சிரித்தான். "எனக்கே தெரியாதுணா. கை பாட்டுக்குப் போவுது. சரி, அவ்ளோதான? மாத்திக்கலாம் வுடு. நெட்டு ஸ்பீடு கம்மின்னா நான் இன்னா பண்ண முடியும்? இது நம்ம கைலதான இருக்குது."

அன்று மாலை இருவர் மட்டும் காலிக் களத்தில் பழகினார்கள். இனியா எதிரியாக நின்று துரத்தினாள். வேலு தூணை நோக்கி ஓடி, தூணுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடுவான். நின்ற கணத்தில் நெருப்பு விழும்.

"நிக்காத சித்தப்பா."

"நிக்கல. கை போவமாட்டேங்குது."

"அந்தப் பக்கம், அந்தப் பக்கம்."

"தெரியுதுடி. எத்தினி தபா சொல்லுவ? ஜாஸ்தி கத்தாத, பக்கத்துக் கடக்காரன் எட்டிப் பாக்கறான்."

பல முறை படுத்தான். கடைசியில் ஒருமுறை போனான். சின்னப் பிள்ளைகள் முதல்முறை சைக்கிளில் திரும்புவதுபோல அகலமாக, தூணை விட்டு வெகுதூரம் தள்ளிச் சுற்றினான். இனியா கைதட்டினாள். எனக்கும் கைதட்டத் தோன்றியது. தட்டவில்லை.

7

கெடு முடியும் நாளில் அதே பக்கத்து நகரத்து அணி எதிரே வந்தது. லேனா எங்கள் வீட்டுக்கே தன் மடிக்கணினியுடன் வந்திருந்தாள். கம்பிக் கதவுக்குப் பின்னால் மூவரும் நின்றார்கள். காத்திருக்கும் அறையில் வேலுவின் ஹீலர் குதித்துக்கொண்டே இருந்தான். வேலு பதற்றமாக இருக்கும்போது அதுதான் வழக்கம்.

கதவு திறந்தது. எதிரிகள் பழையபடியே செய்தார்கள். வாள்காரன் ஒருவன் வேலுவின் பின்னால் ஓடினான், இன்னொருவன் தூணின் மறுபக்கம் போய்க் காத்து நின்றான். மூன்றாமவன் இனியாவைத் தாக்கினான். இனியாவின் உயிர் வேகமாகக் குறைந்தது. அவள் பின்வாங்கி, தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் தலைக்குமேல் இருக்கும் சிவப்புக் கோட்டில் ஒரு நூலளவுதான் மிச்சம்.

"சித்தப்பா, போட்டு வுடு, போட்டு வுடு."

வேலு தூணை நோக்கி வந்தான். நிற்பான் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இடமாகத் திரும்பி, தூணையும் அதில் சாய்ந்து நின்ற இனியாவையும் சேர்த்துச் சுற்றி ஓடினான். காத்து நின்றவன் வெறும் வெளியில் கத்தியை வீசினான். வேலு மறுபக்கத்தில் வெளிப்பட்டு, இனியாவுக்கு உயிரை ஏற்றினான். சிவப்புக் கோடு நிறைந்தது. அவள் திரும்பி, குழம்பி நின்றவன்மீது நெருப்பை இறக்கினாள். லேனா வாளுடன் வந்தாள். அதன்பின் ஆட்டம் நீடிக்கவில்லை.

லேனா எழுந்து இனியாவைக் கட்டிக்கொண்டாள். புள்ளிக் கோட்டைத் தாண்டியாகிவிட்டது. ஸ்பீக்கரைப் பார்த்து, "வேலு, வெரி குட், வெரி குட்" என்றாள்.

"தேங்க் யூ மா" என்றான் வேலு. பிறகு, "பாப்பா, நெட்டு சரியில்ல. நான் கெளம்பறேன்" என்றான். அவன் பெயர் திரையிலிருந்து மறைந்தது.

நெட் சரியாகத்தான் இருந்தது. சற்று நேரத்தில் அதே நெட்டில் என்னைக் கூப்பிட்டான். நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணோட மாமா பையனையே வெச்சிக்கச் சொல்லுணா."

"ஏன்டா? இப்பத்தான ஜெயிச்சீங்க. அதுவும் உன்னாலதான்."

"ஜெயிச்சாச்சு இல்ல. என்னால தோக்கலன்னு அந்தப் பொண்ணுக்கும் தெரிஞ்சிபோச்சு. அது போதும்."

"அப்பறம் என்ன?"

போனில் ஷட்டர் முழுதாக இறங்கும் சத்தம் கேட்டது. கடைக்குள்ளேதான் இருந்தான்.

"பாப்பா உசுரே இல்லாம தூண்மேல சாஞ்சினு நிக்குது. நான் அதச் சுத்தி அந்தப் பக்கமா ஓடறேன். விளையாட்டுதான், தெரியாம இல்ல. ஆனா அப்பாவுக்கு அந்த வேலைய ஒரு தபா பண்ணிட்டேன்ணா. பாப்பாவச் சுத்தி என்னால பண்ண முடியாது."

"சரி" என்றேன். என் தொழிலிலும் இதற்கு வாக்கியம் இருந்ததில்லை.

8

இனியாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். லேனா போன பிறகு சொன்னேன். அவள் இரண்டு கேள்வி கேட்டாள். சித்தப்பாவுக்கு என்மேல கோவமா? இல்லை. நான்தான் அந்தப் பக்கம் போகச் சொன்னேன் இல்ல? ஆமாம், ஆனால் உனக்குத் தெரியாது. சரி என்று தலையாட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

போட்டி வந்தது. லேனாவின் அணி அதில் ஆடியது. லேனா, அவளுடைய மாமா மகன், இனியாவின் இடத்தில் அவன் நண்பன். லேனாவிடம் இனியா என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. முன்பெல்லாம் இருவரும் டிராமில் ஒரே இருக்கையில் வருவார்கள். இப்போது லேனா முன்பெட்டியில் ஏறுகிறாள் என்பதை மட்டும் நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். செல்விக்கு இது பிடிக்கவில்லை. "இருக்கறதே ஒரு ஃபிரண்டு. சித்தப்பாகிட்ட போன்ல பேசினா ஆவாதா?" என்று கேட்டாள். இனியா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். என் புது அட்டை வரவில்லை. விசாரிக்கப் போனபோது அதிகாரி மாறியிருந்தார்.

போட்டி நடந்த அதே மாலை, இனியா கணினி முன்னால் உட்கார்ந்து வேலுவுக்கு அழைப்பு அனுப்பினாள். அரினாவில் இரண்டு பேர் அணிக்கும் இடம் உண்டு. அதற்குப் போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. வேலு வரமாட்டான் என்று நினைத்தேன். மூன்றாவது அழைப்புக்கு வந்தான். அவள் ஹெட்போனைக் கழற்றி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னா பாப்பா, இன்னிக்கி உனுக்கு மேட்ச் இல்ல?"

"அவங்களுக்கு இருக்கு."

"நீ போவல?"

"நான் இங்க இருக்கேன்ல."

"லூசாடி நீ? கப்பு வாங்கற நேரத்துல இங்க வந்து உக்காந்துன்னுகிற."

"பேசாம உள்ள வா சித்தப்பா. நீ உன் பக்கமே சுத்து. அந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன்."

கம்பிக் கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஹீலர் இந்த முறை குதிக்கவில்லை.

தோற்றார்கள். மறுபடி உள்ளே போனார்கள், மறுபடி தோற்றார்கள். வேலு வலமாக ஓட, இனியா எதிர்ப்பக்கமாக வந்து அவனை மறிப்பவனைத் தடுக்க வேண்டும் என்பது திட்டம். அவள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தினாள். இரண்டு பேர் ஆட்டத்தில் ஒரு தவறுக்குமேல் இடமில்லை.

"பாப்பா, சீரியஸா கேக்கறேன். ஏன் அங்க போவல? என்னப் பாத்துப் பாவப்பட்டியா?"

"இல்ல."

"அப்பறம்?"

அவள் யோசித்தாள். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"அந்த டீம்ல ஒரு நாள் ஆடிப் பாத்தேன் சித்தப்பா. ரொம்ப டீசன்டா இருக்காங்க. நான் தப்பு பண்ணா, பரவால்ல நல்லா ட்ரை பண்ணேன்னு சொல்றாங்க. யாருமே திட்ட மாட்டேங்கறாங்க. யாருகூட ஆடறேன்னே தெரியல."

களத்தில் கதவு திறந்துவிட்டது. இனியா திரையைப் பார்க்காமல் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எருமமாடு" என்றான் வேலு. "கத கேட்டுன்னு நிக்கறியா? பின்னாடி பாரு, ஆள் வரான்."

அவள் திரும்புவதற்குள் அடி விழுந்தது.